கோடு போட்ட எல்போ

முழங்கால் வலி ஐயா, உட்கார்ந்தபடியே சொல்கிறேன். நீங்கள் விசாரித்து நான் மழுப்பி, எதற்கு இரண்டு பேருக்கும் வீண் அலைச்சல்.

அமிலம் ஓடும் பாதைக்கு இரும்பு ஆகாது, அரித்துத் தின்றுவிடும். எங்கள் ஆலையில் குழாய், குழாயை வளைத்து இணைக்கும் எல்போ, வால்வு எல்லாமே பிளாஸ்டிக்தான். பசை தடவி, குழாயை எல்போவுக்குள் செருகி, கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இணைப்பின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு. கோடு இருந்தால் ஒட்டியாயிற்று. இல்லையென்றால் சும்மா செருகியிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இருபத்தாறு வருடத்தில் நான் பொய்க் கோடு போட்டது ஒரே ஒரு தடவை.

என் தம்பியும் அதே ஆலைதான். போன வருடம் அவனைத் தரம் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். நான் செய்த வேலைக்கு அவன் கையெழுத்துப் போட வேண்டும். மரியாதையாகத்தான் சொல்வான்.

"அண்ணே, குழாய் முழுசா உள்ள போகல. வெட்டிட்டு வேற போட்டுருங்க."

ஒட்டிய எல்போவைக் கழற்ற முடியாது. வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி மல்லாந்து படுத்து, பசை நெடியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வாரம் ஒன்பது வெட்டு. ஒன்பதிலும் அவன் சொன்னதுதான் சரி. என் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது.

"மேல யாருக்கும் சொல்ல மாட்டேண்ணே, கவலப்படாதீங்க" என்றான். அதுதான் தாங்கவில்லை. கோபமில்லை ஐயா, அலுப்பு.

பத்தாவதைப் பசை இல்லாமல் செருகிக் கோடு போட்டேன். அமிலத்துக்கு முன்னால் தண்ணீர் விட்டுச் சோதிப்பது வழக்கம். இணைப்பு கழன்று எல்லோர் முன்னாலும் அவன் தொப்பலாக நனைவான், தன் கண்ணுக்கும் தப்பும் என்று தெரிந்துகொள்வான். அவ்வளவுதான் என் எண்ணம்.

அன்று அவனை ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கிருந்து போன் செய்தான்.

"தண்ணி டெஸ்ட் முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுதுடா" என்றேன்.

தண்ணீர் விடவே இல்லை. என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை அமிலம் திறந்தார்கள். முதல் ஓட்டத்தின்போது குழாய்க்கு அடியில் நின்று ஒவ்வோர் இணைப்பாக அண்ணாந்து பார்ப்பது அவன் பழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. எனக்குத் தெரியும். அன்று முகக் கவசத்தைக்கூட மாட்டவில்லை. அண்ணன் சோதித்த பாதைதானே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னானாம். பம்ப் ஓடத் தொடங்கியபோது பதினைந்து அடி தள்ளி நின்றிருந்தேன். தள்ளிப் போடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான்தான் ஊட்டிவிடுகிறேன். "நான் பாக்காம கையெழுத்துப் போட்டது தப்புண்ணே" என்று என்னைத் தேற்றுகிறான். வாயைத் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் நான் நினைத்தது வெறும் தண்ணீரைத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.