ஒரு சூரியன், இரண்டு நிழல்

ஐந்தே நிமிடத்தில் முடிக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் விழாத் தலைவர், எங்கள் பள்ளித் தாளாளர் கஸ்தூரிரங்கன் ஐயா அவர்களே! அந்த ஐந்தே அதிகம் என்று கண்ணாலேயே கூறிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியை தபீதாள் அம்மையார் அவர்களே! முடிச்சூரின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! யார் பேசினாலும் பாயில் உருண்டு விளையாடும் என் மூன்றாம் வகுப்புச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் ஜீவானந்தம் வாத்தியாரின் வணக்கம்.

சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்காக? ஒளியையும் நிழலையும் பிஞ்சு நெஞ்சங்களில் பதியவைத்த பேராசானாம் நான்! பெரியோர்களே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமிருந்து நான் பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் இந்த மேடையை விட்டு இறங்க மனமில்லை.

என் வியாதி உங்களுக்குத் தெரியும். தாம்பரம் வட்டாரத்தில் காதுகுத்தோ கடைத்திறப்போ, மைக் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன். அந்த வியாதி வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்கள் மெழுகுவத்தியும் அட்டையும் கொண்டுபோய் நிழலைக் காட்டுவார்கள். நான் என்ன கொண்டுபோனேன்? நாக்கு! "ஒளியே! உலகின் ஒப்பற்ற உறவே!" என்று எட்டு வயதுக் குழந்தைகளிடம் முழங்கினேன். நான் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் கைதட்ட வேண்டும் என்று பழக்கியும் வைத்திருந்தேன். யார் அங்கே சிரிப்பது? சுகுமார் அண்ணனா? சிரியுங்கள், உங்கள் மகன்தான் முதலில் தட்டுவான்.

அப்படி முழங்கியபோது நாக்கில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. "வானுக்கு ஒரே சூரியன்! ஒருவனுக்கு ஒரே நிழல்!" ஆகா! ஓசை இருக்கிறது, ஒயில் இருக்கிறது. உண்மை இருக்கிறதா? அதை யார் பார்த்தார்கள்! கைதட்டல் கிடைத்தது, கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

தேர்வில் சூரியனையும் நிழலையும் வரையச் சொன்னேன். முப்பத்தைந்து தாள்களில் ஒரு நிழல். ஒரே ஒரு தாளில் இரண்டு. அது தீபலட்சுமியின் தாள். ஒரு சூரியன், ஒரு சின்னப்பெண், அவள் காலடியிலிருந்து இந்தப் பக்கம் கறுப்பாய் ஒரு நிழல், அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. ஏன் கண்ணு இப்படி வரைந்தாய் என்று கேட்டேனா? கேட்டிருந்தால் நான் ஆசிரியன். தாளைத் தூக்கிப் பிடித்து, "ஒன்று பள்ளிக்கூடம் வருவதற்கு, இன்னொன்று வீட்டில் தூங்குவதற்கா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் மூச்சு வாங்கினேன், கைதட்டினார்கள். அவள் அழவில்லை. "அழிச்சிடறேன் சார்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் பார்த்துச் சொல்வதில்லை. இலை வரையச் சொன்னால், "எப்படி சார் வரையணும்?" என்பாள். வெளியே மழையா என்று கேட்டால், ஜன்னலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். இந்த மகாமேதை என்ன நினைத்தேன் தெரியுமா? அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்! மதிப்பீட்டு அட்டையில் "மிக நல்ல பணிவு" என்று வேறு எழுதிக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் தாய் கன்னியம்மா பள்ளி வாசலில் என்னை மறித்தார். மெயின் ரோட்டில் கொய்யா விற்பவர். "இன்னா சார், எம்பொண்ணாண்ட இன்னா சொன்னே நீ? கொய்யா பயுத்துக்கீதா பாருடின்னா, எனக்குத் தெரியாது, நீயே சொல்லும்மான்றா. கண்ணு நல்லாத்தானே கீது அவளுக்கு!"

"அம்மா, அவள் ஒரு ஆளுக்கு ரெண்டு நிழல் வரைஞ்சா" என்றேன்.

"ஆமா, ரெண்டுதான். நாலரை மணிக்கு நம்ம வண்டியாண்ட வந்து நின்னு பாரு!"

போய் நின்றேன். மேற்கே சூரியன். கிழக்கே புதிதாய் எழும்பிய ஜவுளிக்கடை, நான்கு மாடிக்கும் கண்ணாடி. நடுவே நான். குனிந்து பார்த்தேன். கடையை நோக்கி ஒரு நிழல். அது சூரியன் போட்டது. சூரியனை நோக்கி, மங்கலாய், இன்னொன்று! கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் போட்டது. எதிரொளிப்பு! மூன்று பாடவேளை நான் முழங்கிய அதே எதிரொளிப்பு! கையைத் தூக்கினேன், இரண்டும் தூக்கின. காலைத் தூக்கினேன், இரண்டும் தூக்கின. பேருந்துக்கு நின்றவர்கள் என்னைப் பார்த்து விலகிப் போனார்கள். "சார், யாவாரம் கெடுது, ஓரமா ஆடு" என்றார் கன்னியம்மா.

மறுநாளே தீபலட்சுமியிடம் போய், "நான் சொன்னது தப்பு கண்ணு, நீ வரைந்ததுதான் சரி, இரண்டு நிழல்" என்றேன். அவள் என்ன சொன்னாள்? "நீங்க சொன்னா சரி சார். ரெண்டு." அவ்வளவுதான். ஒன்று என்றாலும் நான் சொல்லி, இரண்டு என்றாலும் நான் சொல்லி! அப்படியானால் அவள் கண் எதற்கு?

பெற்றோர்களே, பெரியோர்களே! நிழல் எங்கே பிறக்கிறது? ஒளியை ஏதோ ஒன்று மறிக்கும் இடத்தில் பிறக்கிறது. அந்தக் குழந்தைக்கும் உலகத்துக்கும் நடுவே மறித்து நின்றது எது? மதிலா? மரமா? மலையா? நான்! என் நாக்கு! என் கைதட்டல் ஆசை! கண்டதைக் கண்டேன் என்பது மாணவிக்குக் குற்றமா? தெரியாததைத் தெரியாது என்பது ஆசிரியனுக்கு இழுக்கா? எட்டு வயதில் ஒருத்தி தன் கண்ணை நம்பாமல் போனால், எண்பது பொன்னாடை போர்த்தி என்ன பயன்?

தீபலட்சுமி, மேடைக்கு வா கண்ணு. பயப்படாதே, வா. இப்போது எனக்கு எத்தனை நிழல்? நான் சொல்லமாட்டேன். என் முகத்தைப் பார்க்காதே, தரையைப் பார். யாரும் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஜெபராஜ் சார், விரலைக் காட்டாதீர்கள்! கைதட்டவும் வேண்டாம். அவள் பார்க்கட்டும்.

என்ன கண்ணு? உரக்கச் சொல்.

"சார், மேல நாலு லைட்டு கீது. ஆனா நீங்க மைக்கை ஒட்டி நிக்கிறீங்க, எது உங்க நிழல், எது மைக்கோடதுன்னு தெரியல. கொஞ்சம் தள்ளுங்க சார்."

கேட்டீர்களா? ஐயா, அம்மா, எல்லோரும் கேட்டீர்களா? என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை! இருபத்திரண்டு ஆண்டுகளாக யார் சொல்லியும் மைக்கை விடாத இந்த ஜீவானந்தம், அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி, விலகிக்கொள்கிறேன்.

தள்ளிட்டேன் கண்ணு. எண்ணு.