வலது மேல் மூலைப் புள்ளிகள்

உங்கள் லேப்டாப் சூடாகிறது, சார். அடியில் துண்டை விரித்து வைத்திருக்கிறீர்களே, அதனால்தான். காற்று போகும் வழி அடைத்துக்கொண்டது. நாலு மூலைக்கும் நாலு பாட்டில் மூடியைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள், இன்னும் மூன்று வருஷம் ஓடும். விசாரிக்க உட்கார்ந்தவருக்கு விசாரிக்கப்படுகிறவன் யோசனை சொல்வது முறையில்லைதான். ஆனால் ஒரு கோளாறைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது.

அந்த எக்ஸ்ரே மையத்தில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். கம்ப்யூட்டர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்கு. வரவேற்பில் ஒன்று, டாக்டர் அறையில், நீங்கள் எடுத்து வந்திருக்கும் அந்த லேப்டாப், அவ்வளவுதான். எடுத்த படம் நேராக லேப்டாப்புக்கு வரும். டாக்டர் அதில் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அதன் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படத்தை வரைந்து காட்டுகிற உறுப்பு, மக்கர் செய்யத் தொடங்கியது. முதலில் பச்சைக் கோடுகள். பிறகு பாதித் திரை இருண்டது. கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர் வந்து, கையால்கூடத் தொடாமல், "இது செத்துப் போச்சுங்க, தூக்கிப் போடுங்க" என்றார். மனுஷனுக்குக்கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்வார்கள். மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. எதை வாங்கச் சொன்னாலும் அவருக்கு அப்படி வாடும். நான் "ஒரு நாள் குடுங்க சார்" என்றேன்.

அந்த ஒரு நாள் நாலு வருஷமானது. பிரித்துத் தூசி தட்டினேன். சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். கார்டை அடியோடு நிறுத்தியதும் கோடுகள் போயின. ஆனால் எக்ஸ்ரே படத்தைத் திறக்கிற சாஃப்ட்வேர், கார்டு இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று கார்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பக்கத்தில் ஒரு குட்டி ஃபேனை வைத்தேன். ஓடியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "டாக்டர் மனுஷங்களக் காப்பாத்துறாரு, இவரு டாக்டரையே காப்பாத்துறாரு" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பெரிய டாக்டர்'. கிண்டல்தான். எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு சின்னக் குறை மட்டும் மிச்சம் இருந்தது. முக்கால் மணி நேரம் ஓடி உடம்பு சூடேறியதும், திரையின் வலது மேல் மூலையில் வெள்ளைப் புள்ளிகள் வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பெரிய டாக்டரே, இது யாரோட நுரையீரல்ல இருக்கு? இவரோடதா, உங்க லேப்டாப்போடதா?"

"லேப்டாப்போடதுதான் டாக்டர். கண்டுக்காதீங்க."

அவர் மறந்துவிடக் கூடாதே என்று ஒரு சீட்டெழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். 'வலது மேல் மூலையில் தெரியும் புள்ளிகள் லேப்டாப்பைச் சேர்ந்தவை. பொருட்படுத்த வேண்டாம்.' உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது அதுதான். கையெழுத்து என்னுடையதே. ஆளை வரவழைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆளின் புள்ளி எது, லேப்டாப்பின் புள்ளி எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ரொம்பச் சுலபம். லேப்டாப்பை ஒருதரம் அணைத்துப் போட்டால் அதன் புள்ளி ஓடிவிடும். ஆளின் புள்ளி எங்கே ஓடும்? இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒவ்வொரு படத்துக்கும் அணைத்துப் போடுவார், மூன்றாம் நாள் புது லேப்டாப் கேட்பார். நல்ல மனிதர், பொறுமைதான் கிடையாது.

இப்போது என் மச்சானுக்கு வருகிறேன். என் மனைவியின் அண்ணன். பஸ் டிரைவர், வாய் ஓயாதவர். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "என்ன மாப்ள, உங்க பொணத்துக்கு இன்னும் மூச்சு ஓடுதா?" என்பார், லேப்டாப்பைத்தான். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். பரவாயில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. மற்றவர்களுக்கு அது வெறும் கறுப்பு.

அவருக்கு இரண்டு மாதமாக இருமல். "வேற எங்கயும் போகாதண்ணே, இவரு இருக்குற எடம், நல்லாப் பாப்பாங்க" என்று மனைவிதான் அனுப்பி வைத்தாள். வந்தார். டாக்டர் அறை வாசலில் நின்று லேப்டாப்பையும் அதன் கீழிருந்த பாட்டில் மூடிகளையும் பார்த்தார். மேனேஜர், நர்ஸ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இதுல என் நெஞ்சப் பாக்குறதுக்கு, சட்டையக் கழட்டிட்டு ஜன்னலோரமா நிக்கிறேன். இன்னும் தெளிவாத் தெரியும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு லேப்டாப்பையே பார்த்தார். "இன்னொரு தடவ இதப் பத்தி யாராவது பேசினா, மானம் போனது போதும்னு புதுசு வாங்கிர வேண்டியதுதான்" என்றார். மூன்று வருஷ உழைப்பு, சார்.

டாக்டர் மச்சானின் படத்தைப் பார்த்தார். வலது மேல் மூலையில் புள்ளிகள் இருந்தன. சீட்டையும் பார்த்தார். 'நார்மல்' என்று எழுதினார்.

மதியம் அவர் சாப்பிடப் போனதும், வழக்கம்போல் லேப்டாப்பை ஆறவைக்கப் போனேன். மச்சானின் படம் திறந்தபடியே இருந்தது. அணைத்துப் போட்டுத் திறந்தேன். மற்றப் புள்ளிகள் போய்விட்டன. ஒன்று மட்டும் இருந்தது, மிளகளவு. சூடு தணியவில்லையோ என்று ஃபேனைக் கூட்டிவைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி போட்டேன். இருந்தது. மொத்தம் நாலு தடவை. நாலு தடவையும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கே சொன்னால் பழி முழுக்க லேப்டாப் தலையில் விழும். செய்யாத தப்புக்கு அதைக் குப்பையில் போடுவார்கள். நியாயமா? அதனால், முதலில் கார்டின் புள்ளிகளைச் சுத்தமாக ஒழித்துவிட்டு, பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்கு ஏழு வாரம் பிடித்தது. அதற்கப்புறம் சொன்னால், ஏழு வாரம் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார்கள். மனிதர்களுக்கு நல்லெண்ணம் புரியாது.

இடையில் மச்சானே வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"இருமல் நிக்கவே மாட்டேங்குது மாப்ள. வேற எடத்துல ஒரு படம் எடுத்துப் பாத்துரட்டுமா?"

"எதுக்கு மச்சான்? என் கண்ணால பாத்தேன், சுத்தமா இருக்கு. நாள் முழுக்க ரோட்டுத் தூசி, வேறென்ன."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள எவ்வளவு கிண்டல் பண்ணிருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அவருக்கு நானே சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் இருமலில் ரத்தம் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, மிளகு எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது. படம் எடுத்த எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த டாக்டர் எங்கள் பழைய படத்தை வாங்கித் தன்னுடைய புத்தம்புதுத் திரையில் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் விரலை வைத்துவிட்டாராம். பெரிய சாமர்த்தியம். புதுத் திரையில் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

என் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், தெரியும். டாக்டரை விட்டுவிடுங்கள், அவர் சீட்டில் இருந்ததைப் படித்தார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரை வைத்தியன்கூட இல்லை. என் கணக்கில் ஒருவர்தான். அதாவது, நான் அணைத்துப் போட்டுப் பார்த்தது அந்த ஒரு படத்தைத்தான். மற்ற நாலு வருஷத்துப் படங்களும் அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கின்றன, வேண்டுமானால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சிப் பொருள் என்று அதை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஓடாதபோதும் அதற்குக் காற்று வேண்டும், பெட்டியைத் திறந்து வையுங்கள். வாக்குமூலத்தில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் மச்சானைப் பற்றி உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான், நாலு தடவையும் மாற்றாமல் சொன்னது. அதன் மேல் எந்தக் குறையும் இல்லை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.