சிட்டாள் ஆச்சி அறுத்த துப்பாக்கி

அறுத்தது நெசந்தான் தம்பி, அதுல ஒளிக்க என்ன இருக்கு. லைசென்ஸுல குழா முப்பது அங்குலம்னு எழுதியிருக்கு, நீங்க அளந்தா பத்தொம்பதுதான் வருது. இன்ஸ்பெட்டரு அளந்தா தப்பாவா இருக்கும். மொதல்ல உக்காருங்க. சேதுபதின்னுதான சொன்னீக? எம்பேரு சிட்டாள்னு எழுதிக்கங்க. கந்தரப்பம் சூடா இருக்கு, ஒண்ணு எடுத்துக்கங்க. வேலையா வந்த எடத்துல திங்கக்கூடாதுன்னு சட்டமா என்ன?

சொல்றேன், சொல்றேன். எங்க வீட்டுக்காரவுக, செட்டியாரு, பர்மாவுல ரெங்கோன்ல கடை வச்சிருக்காக. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வந்து தலகாட்டுவாக. இருபத்தேழுல வந்தப்ப இதக் கொண்டாந்தாக. வீட்டுல ஆம்பள இல்ல, தெருவுக்குத் தெரு களவு போகுது, நீ வச்சுக்கன்னு எம்பேரையும் லைசென்ஸுல சேத்துவிட்டாக. வெள்ளக்காரன் செஞ்ச சாமான். விரல இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தன்னால ஏறிக்கிருமாம், அஞ்சு வெடி வெடிக்குமாம். எல்லாஞ் சரி, எடுத்து நிறுத்துனா என் தாவாக்கட்டைக்கு நிக்குது. நான் என்ன ஒசரம்னு நீங்களே பாக்குறீகல்ல.

எங்க வீட்டத்தான் பாத்துக்கிட்டு வந்தீக. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு அங்குட்டு நின்னு கூப்பிட்டா இங்குட்டுக் கேக்காது. வளவுதான் பெருசு, நெலவாசல் ஒவ்வொண்ணும் குனிஞ்சு போற மாதிரி. ஒருக்கா பின்கட்டுல சத்தம் கேக்குதேன்னு தூக்கிக்கிட்டு ஓடுறேன், குழா நெலையில குறுக்க மாட்டிக்கிச்சு. நான் இந்தப்பக்கம், துப்பாக்கி அந்தப்பக்கம். உருவித் திரும்புறேன், சரவிளக்குல பாதி கீழ வந்துருச்சு. இன்னம் அர வட்டம் திரும்புனேன், ஆவக்கா ஜாடி போச்சு. கடசியில பாத்தா பூன. கள்ளன் வந்திருந்தாக்கூட அம்புட்டுச் சேதம் பண்ணியிருக்க மாட்டான்.

ஆமா, அதுக்குத்தான் ஆசாரிய வச்சு அறுத்தேன். ஆசாரி பேரா? மானகிரி ஆளா, அரியக்குடி ஆளா... வயசாச்சுல்ல, மறந்துபோச்சு. என் பேர மட்டும் போட்டுக்கங்க. அவரு பாவம், மாட்டேன்னுதான் சொன்னாரு. ஆச்சி, இது குறி தப்பிப்போகும், உள்ள இருக்க வில்லு ஒழுங்கா வேல செய்யுமோ என்னமோன்னு தலயச் சொறிஞ்சாரு. அட, வேல செஞ்சா என்ன செய்யாட்டி என்ன, நெலவாசல்ல நான் நின்னா முன்னால நிக்கிறவனுக்குத் தெரியவா போகுதுன்னேன். அறுத்த துண்டு அடுப்படியில இருக்கு, ஊதுகுழலுக்கு வாச்சாப்புல. எடுத்தாரச் சொல்லவா? இருக்கட்டும்கிறீகளா, சரி.

எப்ப அறுத்ததுன்னு கேக்குறீக. பூன வந்தது போன வருசம். அறுத்தது இந்தத் தையில. நடுவுல என்ன செஞ்சேன்னா, சும்மாதான் மாட்டிவச்சிருந்தேன். ரெங்கோன்லருந்து கடுதாசி வந்துச்சு பாருங்க, அதுக்கு மறுநாத்தான் ஆசாரிக்கு ஆள் விட்டேன்.

நீட்டுனேன், இல்லங்கல. முந்தாநாத்து பகல்ல, இந்த நெலையில நின்னுதான் நீட்டுனேன். தோட்டா போட்டிருந்துச்சாவா? தம்பி, அதுக்குத் தோட்டா எந்தப்பக்கம் போடுறதுன்னு இன்னவரைக்கும் எனக்குத் தெரியாது. நீட்டுனதுக்கே வந்தவுக மூணு படிய ஒரே எட்டுல எறங்கிட்டாக.

கள்ளன்தான் வந்ததுன்னு நான் எங்க சொன்னேன். மனு குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? வந்தது எங்க செட்டியாருதான். வீட்டுல இருக்கத, யாரையும் கேக்காம தூக்கிட்டுப் போக வந்தவுகள நான் வேற எப்படித் தடுக்குறது, சொல்லுங்க. பெத்த அப்பச்சி வரட்டும், அப்பச்சி வந்து கல்யாணத்த முடிக்கட்டும்னே எம்மக உமையாளுக்குப் பத்தொம்பது வயசாயிருச்சு. வந்தாக. கடுதாசியில எழுதுன மாதிரியே, கூட்டாளிக்கு ரெண்டாந்தாரமாக் குடுக்கப்போறேன், கப்பல்ல கூட்டிப் போறேன்னு நிக்கிறாக. அந்தக் கூட்டாளிக்கு வயசு அம்பத்தெட்டு. மகனுக்கே அவள விட வயசு கூட. அவ என் முந்தானையப் புடிச்சா பாருங்க, மூணு வயசுல புடிச்ச மாதிரி.

மணி என்ன ஆச்சு தம்பி? பத்தேமுக்காலா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சரி.

துப்பாக்கிய எடுத்துக்கங்க, இனிமே எனக்கு வேணாம். கேசு எழுதுறதுன்னாலும் எழுதுங்க, அவராதத்த வந்து கட்டுறேன். பொண்ணா? அந்த ரூம்புல இல்லீக. வேணும்னா தொறந்து பாருங்க. நேத்தே வேலக்காரி கருப்பம்மாளத் தொணைக்கு வச்சு, வைக்கோல் வண்டியில நாச்சியாபுரத்துக்கு அனுப்பிட்டேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் மகன் காசிவிஸ்வநாதன்தான் மாப்பிள்ளை. அவளுக்குச் சின்னதுலருந்தே அவன் மேலதான் மனசு. பத்தரைக்கு முகூர்த்தம். இன்னேரம் கழுத்துல ஏறியிருக்கும்.

நான் போகலயான்னா, எப்படிப் போறது. நானும் போயிட்டா வீடு பூட்டிக் கெடக்கும், நீங்க ரெண்டு பேரும் காரத் திருப்பிக்கிட்டு நேரா அங்க போயிருவீகல்ல. பெத்தவ பாக்காட்டி என்ன, அதெல்லாம் நல்லா நடந்திருக்கும்.

போறப்ப, வாசல்ல காருக்குள்ள உக்காந்திருக்காகளே, அவுகள உள்ள வரச்சொல்லுங்க. பொண்ணக் கட்டிக்குடுத்த தகப்பனாரு, தெருவுல காத்துக் கெடக்கலாமா.