ஒட்டாத என்சைம்

— அண்ணே, மறுபடியும் ஒட்டலை! இது எட்டாவது தடவை. என்சைம் எல்லாம் கழுவின தண்ணியில கிடக்கு, ரத்த அணுவோட சவ்வுல ஒண்ணுமே இல்ல. என்னத்தைக் கழுவினீங்க?

— சொன்னதைத்தான் கழுவினேன், டாக்டரம்மா.

— நான் இன்னும் டாக்டர் ஆகலை. இப்படியே போனா ஆகவும் மாட்டேன்.

— கேளுங்கம்மா. சிவப்பணுவை உடைச்சேன். சிவப்பு போற வரைக்கும் அலசினேன். வெள்ளையா சவ்வு மட்டும் நின்னுச்சு. அப்புறம் நீங்க எழுதிக் குடுத்த உப்புத் தண்ணி. இருபத்தஞ்சு வருஷமா இந்த லேப்ல இதே வேலை. கண்ணைக் கட்டி விட்டாலும் செய்வேன்.

— அப்போ யார் தப்பு? ரத்தமும் என்னுது, திட்டும் எனக்கு! ஊசி குத்த இனிமே கையில இடமே இல்ல. நாலு மணிக்கு என் கைடு சார் வர்றார். இன்னிக்கும் ஒட்டலைன்னா இந்த ஆராய்ச்சியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். நாலு வருஷம்ணே!

— அவர் என்னதான் சொல்றார்?

— “எனக்கு ஒட்டினது உனக்கு ஏன் ஒட்டலை?”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு வேற சொல்லிச் சிரிச்சார்.

— சிரிப்பாரு, சிரிப்பாரு.

— உடம்புல ஓடற ரத்தத்துலயே இந்த என்சைம் சவ்வோட ஒட்டித்தான் இருக்குன்னு காட்டிப் பேர் வாங்கினவர்ணே. அவர் கை தப்பாது. என் கைதான் விளங்காத கை.

— கேளுங்கம்மா. ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல, கோடியில ஒரு குழாய் இருக்கு. எடுத்து அளந்து பாருங்க.

— ஒண்ணுமே எழுதாம வச்சிருக்கீங்க? என்ன இது?

— உங்க ரத்தம்தான். காலையில கொஞ்சம் எடுத்துத் தனியா கழுவினேன்.

— என்னைக் கேக்காமலா? ஒரு சொட்டுக்கு நான் படற பாடு உங்களுக்கு... இருங்க, இருங்க. அண்ணே, மீட்டர் ஏறுது! ஐயோ, முழுக்க சவ்வுலயே இருக்கு! சார் எழுதின அதே கணக்கு! என்ன பண்ணீங்க?

— உப்பு போடலை.

— உப்பே இல்லாமலா? ரத்தத்துல உப்பு இருக்கேண்ணே! உப்பில்லாத தண்ணியில ஒட்டினதை வச்சு உடம்புலயும் ஒட்டுதுன்னு எப்படிச் சொல்றது? சார் உப்பு போட்டுக் கழுவினதாத்தானே எழுதியிருக்கார்?

— அப்படித்தான் எழுதியிருக்கார்.

— அப்போ... உப்பில்லாம ஒட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவர் அந்தச் சோதனை பண்ணின அன்னிக்கு, கழுவுற தண்ணி கலக்கிக் குடுத்தது நான்தான்மா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். உப்பு போட மறந்துட்டேன்.

— கடவுளே! இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையா நீங்க? சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படிக் கிடந்து அழுவேனா?

— சொன்னேன்மா. கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாளே சொன்னேன்.