செத்தவனை மறுபடி அடிக்க முடியுமா

டெல்லி ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறியதும் எனக்கு முன்னால் நின்ற பெண் தமிழில் சொன்னாள்: “ரத்தத்தப் பச்சையா மாத்திட்டேண்ணா. அப்பவும் பதினெட்டு வயசுன்னுதான் வருது.”

கூட நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். இருவரும் வீடியோ கேம் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அவர்களுடைய கேமை எந்த வயதினர் விளையாடலாம் என்று முடிவு செய்யும் படிவத்தை அவள் போனில் நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் படிவங்களையெல்லாம் நிரப்புகிறவள் நான் என்பதால் காது அங்கேயே நின்றது.

“குளிக்கிற சீன் என்னாச்சு?”

“துண்டு கட்டியாச்சுண்ணா, அதுல பிரச்சினை இல்ல. செத்தவன மறுபடி அடிக்க முடியுமான்னு ஒரு கேள்வி இருக்கு. யெஸ் போட்டேன்.”

“நோ போடு.”

“முடியுதேண்ணா. நானே அடிச்சுப் பாத்தேன்.”

“பன்னெண்டு வயசுன்னு வரலன்னா வாங்குற கம்பெனி வேண்டாம்னுடும். அப்புறம் நாமல்லாம் வீட்டுக்குத்தான். ஜல்தி மாத்து, பத்து மணிக்குள்ள அனுப்பணும்.”

“பொய்னு தெரிஞ்சா கேமையே தூக்கிடுவாங்க. படிவத்துல என் பேர்தான் இருக்கு.”

“யாரு பாக்கப் போறா?”

“அப்ப உங்க பேரப் போடுங்க.” அவள் போனை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அடுத்த நிலையம் வந்து கதவு மூடியது.

“யெஸ்னே இருக்கட்டும்,” என்றார்.

“வேலை போயிடுமாண்ணா?”

“தெரியலம்மா. அனுப்பு.”