சொசைட்டி என்ன செய்யணும்?

சொசைட்டி என்ன செய்யணும்னா கேக்கீய? நல்லாக் கேட்டீய போங்க. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட இந்த வாட்ச்மேன் சுயம்புட்ட வந்து சொசைட்டி என்ன செய்யணும்னு கேட்டதில்ல. அவிய சொல்லுவாவ, நான் செய்வேன். மோட்டாரைப் போடு, காரைத் தள்ளு, பூனையை வெரட்டு. சரி, கேட்டுட்டீய, சொல்லுதேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு காலு ஆடும், சுவத்தோரமா சாஞ்சுக்கிடுங்க.

மெஷின் வந்து மனுசனுக்கு வேலை போனா சொசைட்டி என்ன செய்யணும், அதானே கேள்வி? நான் காவல் பாத்த செம்பூர் பில்டிங் சொசைட்டி நல்லாத்தாம்மா செஞ்சிச்சு. முதல்ல மொட்டைமாடியில சேரைப் போட்டு மீட்டிங் வச்சாவ. சமோசா வாங்கப் போனது நாந்தான். என்னைய நிப்பாட்டுறதுக்குத்தான் மீட்டிங்னு அப்பத் தெரியாதுல்லா, ஆறிப்போயிறக் கூடாதுன்னு ஓட்டமா ஓடி வாங்கியாந்தேன். செக்ரெட்ரி அனந்தநாராயணன் சார் பேசினாரு. மாட்டுங்காவுல பொறந்து வளந்தவரு, பேங்க்ல ஆபீசரா இருந்தவரு, தங்கமான மனுசன். நம்ம சுயம்பு இந்த சொசைட்டிக்கே தூணு மாதிரின்னாரு. அடுத்த வரியிலயே தூணை எடுத்துட்டு கேட்டுல மெஷின் வைக்கப் போறோம்னாரு. எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன். நான் மட்டும் தட்டாம நின்னா மரியாதையா இருக்காதுல்லா.

என்னது, இந்த சொசைட்டி இல்லியா? வேற எந்த சொசைட்டி? சமுதாயமா? யம்மா, அதை முதல்லயே தமிழ்ல கேட்டிருக்கலாம்லா. எங்க சமுதாயத்துக்கு ஒரு சங்கம் இருக்கு. கோயில் கொடைக்கு வரி பிரிக்க வருவாவ, எலெக்சன்னா துண்டைப் போட்டுக்கிட்டு வருவாவ. மெஷின்கிட்ட போயி அவிய என்னத்தப் பேச? சங்கத் தலைவர் மவனே வேலை போயி வீட்டுலதான் கெடக்கான்.

அதுவும் இல்லியா? சாதி சமுதாயம் இல்ல, மொத்த சனமுமா? மொத்த சனமும் எங்கம்மா மீட்டிங் போடுது? அதுக்கு செக்ரெட்ரி யாரு, சமோசா யாரு வாங்குவா? எனக்குத் தெரிஞ்சது அந்த பில்டிங் சொசைட்டிதான். மானசா, நீங்க அதையே எழுதிக்கிடுங்க. ஒங்க காலேஜுல படிச்சுப் பாக்கவா போறாவ?

மாசாமாசம் எல்லாருக்கும் கையில காசு கொடுத்தாவன்னா வாங்குவேனான்னா? ஏன் வாங்காம? அன்னைக்கு மீட்டிங்லயே நாலாம் மாடி தப்ரேஸ் பாய் இதைத்தான் சொன்னாரு. மெஷினால சம்பளம் மிச்சமாகுதுல்லா, அதுல கொஞ்சம் சுயம்புக்குப் போகட்டுமேன்னாரு. அம்புட்டுப் பேரும் அவரை ஒரு பார்வை பாத்தாவ பாருங்க, என்னமோ அவிய பிளாட்டையே எழுதிக் கேட்ட மாதிரி. சும்மா உக்காந்து காசு வாங்கினா மனுசன் கெட்டுப்போயிருவான்னு ஒருத்தர் எந்திரிச்சுச் சொன்னாரு. காட்கோபர்ல ரெண்டு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு உக்காந்து சாப்பிடுறவரு அவரு. ஒண்ணும் கெடல, நல்லாத்தான் இருக்காரு.

பெறகு செக்ரெட்ரிதான் வழி சொன்னாரு. சும்மா கொடுக்க வேண்டாம், வேலையாவே கொடுப்போம்னு. கேட்டுல கேமரா வச்சிருக்காவல்லா, தெரிஞ்ச மூஞ்சியா இருந்தா அது தானாத் தொறந்துரும். தெரியாத மூஞ்சின்னா என் போன்ல மணி அடிச்சு படம் வரும். நான் இங்க தாராவில இருந்துக்கிட்டு, இவிய ரெண்டாம் மாடி, இவன் பால்காரன்னு பாத்து ஒரு அமுக்கு அமுக்கினா அங்க செம்பூர்ல கேட் தொறக்கும். ஒரு அமுக்குக்கு இவ்வளவுன்னு காசு. ஒர்க் ஃப்ரம் ஹோம்! இந்தச் சந்துல எனக்கு மட்டுந்தான். டாயிலட் லைன்லகூட டூட்டி பாத்திருக்கேன்னா பாத்துக்கிடுங்க.

புதுசா ஏதாச்சும் கத்துக்கொடுத்தாவளான்னா? கத்துக்கிடுறது நானில்லம்மா, அது. இன்னைக்கு நான் காட்டிக்கொடுக்குற மூஞ்சி பெறகு எனக்கு வராது. ஆரம்பத்துல மணி கெடந்து அலறும், சோறு திங்க விடாது. வரவரக் கொறைஞ்சு போச்சு. பால்காரனைக் கத்துக்கிட்டு, டியூசன் டீச்சரைக் கத்துக்கிட்டு, கூரியர் பையங்களைக்கூட கத்துக்கிட்டு. கடைசில எனக்குன்னு மிஞ்சுனது ஒரே ஒரு ஆளு. எம்பொஞ்சாதி முருகம்மா.

அவ அந்த பில்டிங்லதான் வீட்டுவேலை பாக்கா. கடைக்குப் போவ, குப்பை போடன்னு பகல்பூரா உள்ளயும் வெளியயுமா நடந்துக்கிட்டே இருப்பா. அவ மூஞ்சி மட்டும் மெஷினுக்குப் புடிபடவே இல்ல. எப்படிப் புடிபடும்? ஒரு தரம் கன்னத்தை உப்பிக்கிட்டு நிப்பா. இன்னொரு தரம் வாயைக் கோணிக்கிட்டு. மாறுகண்ணு வேற போடுவா. சத்தியமா நான் சொல்லிக்கொடுக்கல. ஏட்டி, நடுரோட்டுல நின்னு என்ன கோரணி காட்டுதன்னு ஏசினேன். உங்களுக்கு மணி அடிக்கணும்லாங்கா. அஞ்சாம் மாடி அம்மா அதைப் பாத்துட்டு, இவளுக்கு முகத்துல வாதம் இழுத்துட்டுன்னு பயந்து டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்னு நின்னாவளாம். சிரிக்காதீங்க. நானும் சிரிச்சேன்தான்.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு தலையே நிமிராதவம்மா அவ. இப்ப எனக்காவ கேமராவைப் பாத்து நாக்கைத் துருத்துதா. அந்தப் படம் வந்தா சிரிப்பு வரும். ஒடனே அமுக்க மனசு வராது. வெயில்ல நிக்காளேன்னு பெறகுதான் அமுக்குவேன்.

எழுதியாச்சா? ஏன் எந்திரிக்கீய, ரெண்டு கட்டிங் டீ சொல்லிவிட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க. எனக்கு டூட்டி கெட்டுப்போவும்னு பாக்காதீங்க. நீங்க வந்ததுலேருந்து அந்த மணி ஒரு தரமாச்சும் கேட்டுச்சா? காலையிலேருந்தே அடிக்கலம்மா. போன் கெட்டுப்போச்சோன்னு தட்டிக்கூடப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அதுல முருகம்மா பேசினா. ஏங்க, இன்னைக்கு வாயைக் கோணுறதுக்குள்ள கேட்டைத் தொறந்துட்டீயளே, போனைக் கையிலயே வச்சிருந்தீயளோன்னு கேட்டு ஒரே சிரிப்பு.

ஆமாட்டி, ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிட்டேன்.