பழகிய மெட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், எந்த மெட்டில் பாடுகிறோம் என்பதைக் கவனிப்பதே இல்லை. ஆர்கனில் முதல் அடியை வாசித்துக் காட்டினால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். கண் தாளில் இருக்கும், மனம் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறேன், இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். உட்காருங்கள். கையிலிருக்கிற தாள்களையும் கீழே வைக்கலாம், நான் பிடுங்கிக்கொண்டு ஓட மாட்டேன். எல்லாம் உங்கள் அச்சகத்தில் அடித்த ஆராதனைத் தாள்கள்தானே. ஒவ்வொன்றிலும் அந்த வாரச் சங்கீதத்தின் எண், பக்கத்தில் 'பழகிய மெட்டு' என்று இரண்டு சொல். எழுதிக் கொடுத்தது நான், அடித்தது நீங்கள். அதற்குக் கீழே என் தம்பி மனைவி பென்சிலால் 'அதே' என்று எழுதிவைத்திருக்கிறாள். இருபத்திரண்டு தாளிலும். அது என்னவென்று கேட்கத்தானே வந்தீர்கள்? சொல்கிறேன்.

சுருதிக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் சபையில் சங்கீதங்களைப் பாட்டாக்கி வைத்திருக்கிறோம். முதல் அடிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு, மறுபடி எட்டு, மறுபடி ஆறு. சபைக்குத் தெரிந்த ஞானப்பாட்டுகளில் பாதிக்கு மேல் இதே அளவுதான். ஆகவே எந்தச் சங்கீதத்தையும் எந்தப் பாட்டின் மெட்டிலும் உட்கார வைக்கலாம். நன்றி சொல்கிற சங்கீதத்தை அடக்க ஆராதனை மெட்டில் பாடினாலும் ஓர் அசைகூட இடிக்காது. மெட்டைத் தேர்ந்தெடுப்பது ஆர்கன் வாசிக்கிறவன் வேலை. போதகர் அதில் தலையிட மாட்டார்.

என் தம்பியை அடக்கம் பண்ணின அன்று ஒரு மெட்டு வாசித்தேன். மின்கம்பத்தில் வேலை பார்க்க ஏறியவனை மற்றவர்கள்தான் இறக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த மெட்டு மூன்றாவது அடியில் படியேறுவது போல மேலே போகும். அந்த இடத்தில்தான் அவன் மனைவி பெட்டியின் மேல் விழுந்தாள். நான்கு பெண்கள் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு இரண்டு வருஷம் நான் அந்த மெட்டைத் தொடவே இல்லை. யாரும் கேட்காமல் நானாகவே ஒதுக்கிவைத்தேன். இதையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அவளைத் தம்பிக்கு முன்பே எனக்குத் தெரியும். பாடகர் குழுவில் அவளைச் சேர்த்ததே நான்தான். ஒரு நாள் ஒத்திகை முடிகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் குடை கொண்டுவந்த தம்பி அவளைப் பார்த்தான். அந்தக் குடையில் அவர்கள் இரண்டு பேரும் போனார்கள், நான் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர்கள் கல்யாணத்துக்கும் நான்தான் வாசித்தேன். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஆர்கனோடு சரி.

தம்பி போனபின் அவள் குழுவில் பாடுவதை விட்டாள், இடத்தை மட்டும் மாற்றவில்லை. குழுவுக்கென்று ஒதுக்கிய மூன்றாம் பெஞ்சிலேயே, எப்போதும் போலச் சுவரோரம் உட்காருவாள். இதோ, இந்த ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே, சபைக்கு முதுகு காட்டி உட்காருகிறவனுக்குப் போதகர் கையசைப்பது தெரிய வேண்டும் என்று மாட்டியது. அதில் அவளும் தெரிவாள். ஒரு ஞாயிறு நீங்கள் தாளை முன்னுக்குப் பின்னாக அடித்துக் கொடுத்தீர்கள். ஆசீர்வாதம் முதலில் வந்தது, வரவேற்பு கடைசியில் வந்தது. வாசலில் அசடு வழிய நின்றீர்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து, அவள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தான், அச்சகத்துக்காரர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்குறாரு. எனக்கும் சரின்னுதான் படுது. நீங்க சொன்னாத்தான் பதில் சொல்லுவேன்."

"நல்ல மனுஷன். எனக்கென்னம்மா ஆட்சேபணை?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க வருத்தப்படுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், அத்தான்."

அடுத்த ஞாயிறு அந்த மெட்டை எடுத்தேன். தம்பியை அவள் மறந்துவிடக் கூடாது என்று பட்டது, அவ்வளவுதான். சங்கீதம் சந்தோஷமானது. மூன்றாவது அடியில் அவள் முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறு வாரம் வேறு சங்கீதம், அதே மெட்டு. சில வாரம் சுருதியை ஏற்றினேன், சில வாரம் வேகத்தைக் கூட்டினேன். சபை வாயைத் திறந்து பாடியது.

ஏழாவது வாரம் ஆராதனை முடிந்ததும் அவள் ஆர்கனிடம் வந்தாள்.

"அத்தான், அந்த மெட்டு மட்டும் வேணாமே. வாராவாரம் அவரைத் திரும்பப் பெட்டியில வைக்கிற மாதிரி இருக்கு."

நான் பொறுமையாகவே பதில் சொன்னேன். "எந்த மெட்டும்மா? அதை நான் தொட்டு ரெண்டு வருஷமாச்சே. இன்னிக்கு வாசிச்சது வேற."

"அப்ப எனக்குத்தான் அப்படிக் கேக்குதா?"

"மனசு சரியில்லாதப்ப அப்படி இருக்கும். டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டும் போனேன். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறிலிருந்துதான் அவள் தாளில் எழுத ஆரம்பித்தாள் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டாளாம், "மெட்டையெல்லாம் யாரு கவனிச்சா" என்றாளாம். உங்களையும் கேட்டாள். "எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தீர்களாம். உங்கள் மேல் தப்பில்லை. ஆராதனைக்கே வராமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். வந்தால்தான் தெளியும் என்று நான் சொல்லியிருந்தேன். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

அப்புறம் அந்த மெட்டு அவளுக்கு வீட்டிலும் தெருவிலும் கேட்கத் தொடங்கியது. புத்தி பேதலித்தவளைக் கட்டிக்கொண்டு நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று உங்களிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் என்னிடம் வந்து அழுதீர்கள். கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள் என்றேன். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாட ஆரம்பித்தாள். அந்தத் திங்கட்கிழமை காலை ரயில் பாதையைக் கடக்கும்போதும் பஞ்சு இருந்தது. ஓட்டுநர் ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தாராம். எதற்குப் பஞ்சு என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

எனக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று நினைக்காதீர்கள். அவளுடைய செருப்பை என் கையில் கொடுத்தபோது நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

ஆக, அவள் எழுதியது சரி. இருபத்தொன்பது வாரமும் அதே மெட்டுதான். அவள் காதிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். போலீசுக்குப் போவதானால் போங்கள். என்ன எழுதிக்கொள்வார்கள்? கோயிலில் சங்கீதம் வாசித்தான் என்றா? தம்பிக்காகச் செய்தேன். போனவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஏன் எழுந்து என் பின்னால் வருகிறீர்கள்? கண்ணாடியையா பார்க்கிறீர்கள்? போதகர் நிற்கிற இடம் அதில் தெரியாது. சுவரோரம், அந்த மூன்றாம் பெஞ்சு மட்டும்தான் தெரியும். திருகு இளகித் திரும்பிக்கொண்டது. சரி பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன், தம்பி கல்யாணத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து.